குடும்ப வைத்தியரும் பாரிசவாதமும்



பாரிசவாதத்தைப் பற்றிப் பாடசாலை அதிபர் ஒருவர் பேச வருவது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் வைத்தியம் கற்றவன் அல்லன். வரலாறும் தமிழும் படித்துப் பட்டம் பெற்று, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அவற்றையே படிப்பித்து வருபவன். ஆயினும் இந்த நோயைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கடன் உண்டு. அது எவ்வாறு ஏற்பட்டது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் ஆண்டு, இரண்டாந் தவணையின் இறுதி வாரம். எங்கள் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பத்தாந் தரத்திற் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நின்றார். கையிலிருந்த வெண்கட்டி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார், மீண்டும் விழுந்தது. மாணவர் சிரித்தனர். அவர்களைக் கண்டிக்க வாயெடுத்தவருக்குச் சொற்கள் குழறின. அதைக் கேட்டு இன்னும் சிரித்ததாகப் பின்னர் ஒரு மாணவன் என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். அவரைக் கைத்தாங்கலாக என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கதிரையில் இருத்தினேன், பிளேன்ரீ வரவழைத்தேன். கால் மணி நேரத்துள் கையும் சரியாயிற்று, பேச்சும் தெளிந்தது. "ஒன்றுமில்லை, சேர். புள்ளி போடுவதற்காக இரண்டு இரவு நித்திரை விழித்தேன், அதுதான்" என்றார். நானும் அதை நம்பினேன். வீட்டிற்குப் போய்ப் படுத்துறங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் விடியற்காலை அவர் கிணற்றடியில் விழுந்து கிடக்கக் கண்டார்கள். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு இல்லை. வயது 52.

அந்தக் கால் மணி நேரத்தில் நடந்தது என்ன? மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டு, பின் தானாகவே வழி திறந்துகொண்டது. இதனைச் சிறு பாரிசவாதம் என்பர். கையும் வாயும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால், வந்த ஆபத்து நீங்கிற்று என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. பெரும் பாரிசவாதம் வரக்கூடிய ஆபத்து மிகுந்திருப்பது அடுத்து வரும் சில நாட்களிலேயே. அவற்றுள்ளும் முதலிரண்டு நாட்களில்.

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரிற் பேராசிரியர் பீற்றர் றொத்வெல்லும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. சிறு பாரிசவாதத்தோடு குடும்ப வைத்தியர்களிடம் வந்தவர்களைப் பற்றியது அது. முதற் கட்டத்திற் குடும்ப வைத்தியர் சிறப்புச் சிகிச்சை நிலையத்துக்கு நோயாளியை எழுதி அனுப்புவார், நாள் குறிக்கப்படும், அங்கே பார்த்தபின், இன்ன மருந்து கொடுக்கலாம் என்று குடும்ப வைத்தியருக்கே கடிதம் திரும்பும். இப்படியாக மருந்து தொடங்குவதற்கு இருபது நாள் வரை சென்றது. இரண்டாங் கட்டத்தில் நாள் குறிக்கும் வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். அன்றே அனுப்பி அங்கேயே மருந்து தொடங்கினார்கள். இருபது நாள் ஒரு நாளாயிற்று. மூன்று மாதத்துள் மீண்டும் பாரிசவாதம் கண்டவர்கள் முதற் கட்டத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்; இரண்டாங் கட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர். புதிய மருந்து எதுவும் இடையிற் கண்டுபிடிக்கப்படவில்லை. கடிதப் போக்குவரத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். அலுவலகக் கடிதங்களோடு வாழ்நாளைக் கழிக்கும் என் போன்றோர் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

அன்று என் மேசையில் தொலைபேசி இருந்தது. பிளேன்ரீக்குச் சொல்லி அனுப்பிய நேரத்தில் அதைக் கையில் எடுத்திருக்கலாம். இதுவே நான் சொன்ன கடன்.

ஆனால் கதை அந்தக் கால் மணி நேரத்திலே தொடங்கவில்லை. ஆசிரியர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய பின், ஊரிலே சிறிய மருந்துச்சாலை நடத்தும் டொக்டர் அம்மையார் ஒருவர் அவரை வந்து பார்த்தார். கையோடு ஒரு பழைய பதிவுப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். 2015ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில் ஆசிரியரின் பெயர் இருந்தது. காலில் முள் ஏறிப் புண்ணாகி அவரிடம் போயிருக்கிறார். புண்ணுக்கு மருந்து கட்டிய அம்மையார், வந்தவர் வந்தபடி இருக்கட்டும் என்று இரத்த அமுக்கத்தையும் அளந்து பார்த்திருக்கிறார். 170க்கு 100. ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து, முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார். அதன்பின் அந்தப் பெயர் புத்தகத்தில் இல்லை. ஆசிரியரின் மனைவி சொன்னார்: "மருந்து முடிஞ்சுது, டொக்டர். அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கேல்லை. பிறகேன் போவான் எண்டு விட்டிட்டார்." அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அவர் வராமல் விட்டது நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் நான் அவரைத் தேடவில்லையே" என்றார்.

அந்தச் சொல் என் மனத்திலே தைத்தது. நோயாளி வைத்தியரைத் தேடிப் போவதுதானே உலக வழக்கம்? வைத்தியர் நோயாளியைத் தேடுவதும் உண்டோ?

இரத்த அமுக்கத்தில் உள்ள சூழ்ச்சியே இதுதான். காய்ச்சல் சுடும், புண் நோகும். அமுக்கமோ பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பத்தாண்டு, பதினைந்தாண்டு என்று இரத்தக் குழாய்களின் உட்சுவரை மெல்ல மெல்லப் பழுதாக்கிக்கொண்டே, மனிதரைச் சுகமாக நடமாட விட்டிருக்கும். உலகின் 32 நாடுகளை உள்ளடக்கி 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, நாம் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே பாரிசவாதத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு என்று கண்டது. அந்தப் பத்தினுள் முதலிடம் உயர் இரத்த அமுக்கத்துக்கே.

வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லாமற் போக முடியவில்லை. அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் றூஸ்வெல்ற்றை 1944ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இளம் இருதய வைத்தியர் ஒருவர் பரிசோதித்தார். அமுக்கம் 186க்கு 108 என்றிருந்தது. ஜனாதிபதியின் சொந்த வைத்தியரோ காது, மூக்கு, தொண்டை நோய்களிற் பயின்றவர். ஜனாதிபதி நல்ல சுகத்துடன் இருக்கிறார் என்றே ஊருக்குச் சொல்லி வந்தார். 1945 ஏப்பிரல் 12ஆந் தேதி, ஓவியர் ஒருவர் உருவம் வரைய அமர்ந்திருந்தவேளை, தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார் றூஸ்வெல்ற். மூளையில் இரத்தக் கசிவு. அன்றே இறந்தார். உண்மையைச் சொன்னால், அமுக்கத்தை நன்றாக அடக்கக்கூடிய மாத்திரை அக்காலத்தில் எவரிடமும் இருக்கவில்லை. அத்தகைய மாத்திரைகள் 1950களின் இறுதியிலேதான் வழக்கத்துக்கு வரத் தொடங்கின. உலகப் போரை நடத்திய ஜனாதிபதிக்குக் கிடையாத மருந்து இன்று எங்கள் கிராமத்து வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்கப் போகாதவர்களாக நாம் இருக்கிறோம்.

டொக்டர் அம்மையாரிடம் நான் இதைச் சொன்னபோது, அவர் எனக்கு இன்னொரு பெயரைச் சொன்னார். ஜூலியன் டியூடர் ஹாட் என்பது அப்பெயர். அவர் வேல்ஸ் நாட்டிலே, கிளின்கோரூக் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் 1961இல் குடும்ப வைத்தியராகப் போய்ச் சேர்ந்தவர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்த ஏழைக் கிராமம். நோயென்று வந்தவர்களைப் பார்த்து அனுப்புவதோடு தம் வேலை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. வராதிருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். தம் பொறுப்பிலுள்ள வயதுவந்தோர் ஒவ்வொருவருடைய அமுக்கத்தையும் அளந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். இருமலுக்கு வந்தவருக்கும் அளந்தார்; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பனுக்கும் அளந்தார். அளக்கப்படாதவர்களின் குறிப்பேடுகளை வேறாக எடுத்து வைத்து, அவர்களைப் பின்தொடர்ந்தார். இந்த முயற்சியை 1970இல் லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகையில் எழுதினார். 25 ஆண்டுகளின் கணக்கை 1991இல் வெளியிட்டார். இத்தகைய ஏற்பாடு இல்லாத அண்டைக் கிராமத்தோடு ஒப்பிட்டபோது, கிளின்கோரூக்கில் அகால மரணம் குறைவாகவே இருந்தது. ஒரு சிறு கிராமத்தின் கணக்குத்தானே என்று சிலர் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆயிரம் படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை எதையும் கட்டாமல் அவர் செய்த காரியம் இது. 2018இல் அவர் காலமானார்.

வைத்திய உலகிலே பழைய கணக்கு ஒன்று உண்டு. பாதிகளின் விதி என்பார்கள். உயர் இரத்த அமுக்கம் உள்ளவர்களிற் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிற் பாதிப் பேர் மருந்து எடுப்பதில்லை. எடுப்பவர்களிற் பாதிப் பேருக்கு அமுக்கம் அடங்குவதில்லை. ஐந்தாந் தரப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு. எண்மரில் நால்வர், நால்வரில் இருவர், இருவரில் ஒருவர். எங்கள் ஆசிரியர் முதலாம் படியைத் தாண்டியிருந்தார். முள் ஏறிய புண்ணின் புண்ணியத்தில் அவருக்கு நோய் இருப்பது தெரிந்துவிட்டது. இரண்டாம் படியிலே தவறி விழுந்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். என் சிறு பராயத்தில் எங்கள் ஊருக்கு அப்போதிக்கரி ஐயா ஒருவர் சைக்கிளில் வருவார். போத்தலில் மிக்ஸரை ஊற்றி, எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்பதற்குக் கடதாசியை வெட்டிப் போத்தலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். பாட்டிக்கு என்ன வருத்தம், பேரனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பழையதை எல்லாம் மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரிடம் இருந்த மருந்துகள் மிகச் சில. ஆனால் அவர் எங்களை அறிந்திருந்தார். இன்று என்ன நடக்கிறது? தலை சுற்றினால் ஒரு நிபுணரைச் சனல் பண்ணுகிறோம். நெஞ்சு படபடத்தால் இன்னொருவரை. கால் விறைத்தால் மூன்றாமவரை. மூவரும் கெட்டிக்காரர்கள். மூவர் கொடுத்த துண்டுகளும் மூன்று பைகளில் இருக்கின்றன. மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவர் எவரும் இல்லை. நோயாளி இன்ன வைத்தியருக்கு உரியவர் என்ற பதிவு நம் நாட்டிலே பொதுவழக்காக வேரூன்றவில்லை. குடும்ப வைத்தியர்களுக்கென ஒரு கல்லூரி 1974இலேயே இங்கு தோன்றியதாயினும், குடும்ப வைத்தியர் என்பது தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் போகும் இடம் என்றே பலர் நினைக்கின்றனர்.

அரசாங்கம் 2011 முதல் ஆரம்ப வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை அமைத்து வந்திருக்கிறது. நோயில்லாத நடுவயதினர் அங்கே சென்று அமுக்கம், சீனி, எடை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். ஆண்கள் அங்கே போவது குறைவு என்பது பலரும் அறிந்த குறை. வேலை நாளிலே காலையில் லீவு எடுத்துக்கொண்டு, சுகமாக இருக்கும் நான் ஏன் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்ற எண்ணம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

வைத்தியர் ஒருவராலேயே எல்லோரையும் தேடிப் போக இயலாது என்பதும் உண்மையே. அதற்கும் ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில், 2,645 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற கிராமச் சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று அமுக்கத்தை அளந்தார்கள். உணவைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் எடுத்துச் சொன்னார்கள். தேவையானவர்களைப் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில், வழக்கமான கவனிப்புப் பெற்ற கிராமங்களைவிட இக்கிராமங்களில் மேல் அமுக்கம் சராசரி ஐந்து புள்ளி கூடுதலாக இறங்கியது. ஐந்து புள்ளி அற்பம் என்று நினைக்கவேண்டாம். பத்துப் புள்ளி இறங்கினாற் பாரிசவாதம் ஏறத்தாழக் காற்பங்கு குறையும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

குடும்ப வைத்தியர் அமுக்கத்தோடு நிற்பவர் அல்லர். நாடி பிடித்துப் பார்ப்பார். நம் பரம்பரை வைத்தியர் பிடித்த நாடி வேறு நூலுக்கு உரியது. இவர் பார்ப்பது துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதை. இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடித்தால் அங்கே இரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். அத்தகையோருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. இரத்தம் உறையாதிருக்கத் தகுந்த மருந்து கொடுத்தால் அந்த ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கை நீக்கலாம். ஒரு நிமிட நேரம் மணிக்கட்டில் விரல் வைப்பதன் பெறுமதி அது. சலரோகத்தைப் பார்ப்பார், புகைப்பதைக் கேட்பார், கருவாடும் ஊறுகாயும் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று வீட்டுக்காரியிடம் கேட்பார், ஏனெனில் வீட்டுக்காரர் உண்மை சொல்லமாட்டார்.

குடும்ப வைத்தியரைத் தேடிப் போகக் கூடாத வேளை ஒன்றும் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்து விழுந்தால், பேச்சுக் குழறினால், வைத்தியரின் வீட்டுக் கதவைத் தட்டி நேரத்தைப் போக்க வேண்டாம். 2016இல் தொடங்கி இன்று நாடெங்கும் இயங்கும் 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து நோய் கண்டு நாலரை மணி நேரத்துள் ஏற்றப்பட வேண்டும். அதற்கு முன் ஸ்கான் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அந்த வசதி உள்ள வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் பருக்காதீர்கள், பிளேன்ரீயும் வேண்டாம். அஸ்பிரின் நல்லது என்று எங்கோ கேட்டதை வைத்து வீட்டிற் கொடுக்கவும் வேண்டாம். அடைப்பா, கசிவா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கசிவாயின் அது கேடு. எண்ணெய் பூசுவதற்கும் நேர்த்தி வைப்பதற்கும் பின்னர் நாள் இருக்கிறது. கை சரியாகிவிட்டாலும் போக வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வைத்தியசாலையிற் சில நாட்கள் இருந்துவிட்டு வீடு வந்த பின்புதான் குடும்ப வைத்தியரின் நெடிய வேலை தொடங்குகிறது. எங்கள் ஆசிரியரின் வீட்டிலே நான் கண்டதைச் சொல்கிறேன். ஒருமுறை வந்த நோய் மறுமுறை வராதிருக்க மாத்திரை. அதை நாள்தோறும் எடுக்கிறாரா என்று மாதந்தோறும் எண்ணிப் பார்த்தல். எந்தக் கஞ்சியை எவ்வளவு தடிப்பாகக் காய்ச்ச வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லுதல். உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவரிடம் எந்த நாளிற் போவது என்று ஒழுங்குபடுத்துதல். இவற்றுக்கிடையே அம்மையார் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஆசிரியர் யாரையும் பார்க்க மறுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எல்லோரும் அதனை வெட்கம் என்றார்கள். அம்மையார் அதனை நோய் என்றார். பாரிசவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருமாம். அதற்கும் மருந்து உண்டு. அந்த மருந்து தொடங்கிச் சில வாரங்களின் பின்னரே கையைப் பயிற்சிக்கு நீட்டினார். 2020இல் ஊரடங்கு நிலவிய வாரங்களில் அம்மையார் தொலைபேசியிற் பேசினார். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கிடைக்காத மாத்திரைக்கு எதனை மாற்றாக எடுக்கலாம் என்று சொன்னவரும் அவரே. ஆசிரியரின் மனைவிக்கு முதுகுவலி வந்ததையும், அவர் பகலிற் சாப்பிடுவதில்லை என்பதையும் கண்டுபிடித்தார். எந்தத் துறையின் நிபுணரிடம் இதற்காகச் சனல் பண்ணுவது?

ஆசிரியர் இப்போது ஊன்றுகோலுடன் வாசல்வரை நடக்கிறார். பேச்சுப் பாதியளவில் திரும்பியிருக்கிறது. பெயர்கள் வருவதில்லை, ஆண்டுகள் வருகின்றன. 1505 என்று சொன்னால் இடது கையாற் கடலைக் காட்டிச் சிரிப்பார். பறங்கியர் வந்த ஆண்டு அல்லவா!

அவர் விழுந்த ஆண்டின் இறுதியில், ஆசிரியர் கூட்டம் ஒன்றன்று டொக்டர் அம்மையாரைப் பாடசாலைக்கு அழைத்தேன். கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு எல்லோருடைய அமுக்கத்தையும் அளந்தார். தங்களுக்கு அமுக்கம் உண்டென்று அதுவரை அறியாதிருந்தவர்கள் நால்வர். அந்நால்வருள் நானும் ஒருவன். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதற் செவ்வாய்க்கிழமை மாலை அவருடைய மருந்துச்சாலைக்குப் போய் வருகிறேன். பெயரை எழுதும் புத்தகத்தில் இப்போது ஒரு புதிய நிரல் இருக்கிறது. அடுத்து வரவேண்டிய தேதி அதில் எழுதப்படும். வந்தால் ஒரு கோடு.

சென்ற மாதம் பரிசளிப்பு விழாவின் அலுவல்களில் மூழ்கிச் செவ்வாய்க்கிழமையை மறந்துவிட்டேன். வியாழன் காலை, முதலாம் பாடவேளை மணி அடித்துச் சற்று நேரத்தில், என் மேசைத் தொலைபேசி ஒலித்தது. மருந்துச்சாலையில் மருந்து கட்டிக் கொடுக்கும் பிள்ளை பேசினாள். "அதிபர் சேர், செவ்வாய்க்கிழமை உங்களைக் காணேல்லை. டொக்டர் கேட்கச் சொன்னவா" என்றாள். அன்று பின்னேரமே போனேன். 150க்கு 90. மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று அம்மையார் கேட்டார். விழா என்றேன். புத்தகத்திற் கோட்டைப் போட்டுவிட்டு, அடுத்த தேதியை எழுதினார்.